ஃபில்டர் ஒழுகுதா? 1892-ல கேட்ட அதே கேள்வி

வீட்டு வாட்டர் ப்யூரிஃபையர் அடியில சொட்டு சொட்டா தண்ணி விழுதா? கீழ ஒரு கிண்ணம் வச்சு, மேடையில பழைய துணி விரிச்சு சமாளிச்சுட்டு இருக்கீங்களா? இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

கொஞ்சம் நீளம். பாரிஸ், ரஷ்யா, ஹாம்பர்க், டெல்லி எல்லாம் சுத்திட்டுத்தான் உங்க வீட்டு ஸ்பேனருக்கு வருவேன். மெக்கானிக் வர்றதுக்குள்ள சரி பண்ணணும்னு அவசரத்துல இருக்கவங்க நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். ஃபில்டர்ல லீக் ரெண்டு வகை.

ஒண்ணு வெளிய ஒழுகுறது. தரை நனையும், கால் வழுக்கும், வீட்ல திட்டு விழும். ஆனா கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு உள்ளுக்குள்ளயே ஒழுகுறது. வடிகட்டாத தண்ணி, வடிகட்டியைச் சுத்திக்கிட்டுப் போய் நல்ல தண்ணியோட கலந்துடும். வெளிய ஒரு சொட்டு கூட வராது. மெஷின் ஓடும், லைட் எரியும், டம்ளர்ல தண்ணி பளிச்சுன்னு இருக்கும். டாக்டரா எனக்கு இந்த ரெண்டாவது லீக்தான் கவலை.

புரியலையா? பழைய எவர்சில்வர் ஃபில்டரை ஞாபகப்படுத்திக்கோங்க. மேல ஒரு பாத்திரம், கீழ ஒரு பாத்திரம், நடுவுல வெள்ளையா ரெண்டு கேண்டில். கேண்டிலோட அடியில ஒரு வாஷர், அதுக்குக் கீழ ஒரு நட்டு. அந்த வாஷர் காய்ஞ்சு விரிசல் விட்டா என்ன ஆகும்? தண்ணி கேண்டில் வழியா ஊறி வராம, ஓட்டை வழியா நேரா கீழ இறங்கிடும். "நம்ம ஃபில்டர் இப்பல்லாம் சீக்கிரம் வடியுது"ன்னு நாமளும் சந்தோஷப்பட்டுக்குவோம்!

இந்தக் கேண்டிலோட முன்னோர் பிறந்தது பாரிஸ்ல, லூயி பாஸ்டரோட ஆய்வகத்துல. 1884-ல அவரோட உதவியாளர் சார்லஸ் சேம்பர்லாண்ட், மெருகு பூசாத பீங்கான்ல ஒரு குழாய் வடிகட்டி செஞ்சார். (எங்க ஆபரேஷன் தியேட்டர்ல கருவிகளை அவிக்கிற ஆட்டோகிளேவும் இதே மனுஷன் குடுத்ததுதான். அரசு மருத்துவமனையில தினமும் இவர் புண்ணியத்துலதான் வேலை நடக்குது.) பீங்கான்ல இருக்க துளைகள் ரொம்பச் சின்னது. அழுத்தம் குடுத்துத் தண்ணியை அனுப்பினா, பாக்டீரியா வெளியவே நின்னுடும்.

ஆய்வகங்களுக்கு இது பெரிய வரம். ஒரு திரவத்துல கிருமி இருக்கா இல்லையான்னு பிரிச்சுப் பார்க்க முதல்முறையா நம்பகமான ஒரு கருவி. 1888-ல எமில் ரூவும் அலெக்சாண்டர் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியை வளர்த்த திரவத்தை இதுல வடிகட்டினாங்க. கிருமியே இல்லாத அந்த வடிநீரும் விலங்குகளைக் கொன்னுச்சு. கொல்றது கிருமி கக்கின விஷம்னு அப்பத்தான் தெரிஞ்சது. இன்னைக்கும் டிப்தீரியா குழந்தை வந்தா நாங்க போடுற ஏ.டி.எஸ். ஊசியோட வேர் இந்த ஆராய்ச்சியிலதான் இருக்கு.

சரி, இப்ப 1892-க்கு வாங்க. ஃபில்டர் வரலாற்றுல இது ஒரு விசேஷமான வருஷம்.

ரஷ்யாவுல டிமிட்ரி இவானோவ்ஸ்கின்னு ஒரு இளம் தாவரவியலாளர். கிரிமியா பக்கம் புகையிலைத் தோட்டங்கள்ல இலையெல்லாம் திட்டுத் திட்டா வெளிறிப் போற நோய். அதுக்கு 'மொசைக்'னு பேர் வச்சவர் அடால்ஃப் மேயர். நோய் வந்த இலையோட சாறை நல்ல செடிக்கு ஏத்தினா நோய் ஒட்டிக்கும்னும் அவர் 1886-லயே எழுதிட்டார். இவானோவ்ஸ்கி அந்தச் சாறை சேம்பர்லாண்ட் ஃபில்டர்ல வடிகட்டினார். வடிஞ்சு வந்தது தெளிவான திரவம். அதை நல்ல செடிக்கு ஏத்தினார்.

நோய் வந்துடுச்சு.

நீங்க அந்த இடத்துல இருந்தா முதல்ல என்ன நினைப்பீங்க? "ஃபில்டர் எங்கயோ லீக்!" அதுதானே. அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பீங்கான்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிர்க்கீறல் இருந்தா போதும், மொத்த சோதனையும் வீண். அதனால ஃபில்டரையே சோதிச்சார். கிருமி வளர ஏத்த சத்துக் கரைசலை அதே மாதிரி வடிகட்டி வச்சுப் பார்த்தார். மாசக்கணக்குல எதுவும் வளரல. ஃபில்டர் ஒழுகல, பாக்டீரியா தாண்டல. ஆனா நோய் தாண்டிடுச்சு.

இவ்வளவு தூரம் வந்தும் அவர் பாக்டீரியாவை விடல. டிப்தீரியா மாதிரி ஏதோ விஷமா இருக்கலாம், இல்ல ஏதோ குட்டி பாக்டீரியா துளை வழியா நுழைஞ்சிருக்கலாம்னு எழுதினார். 1898-ல நெதர்லாந்தோட டெல்ஃப்ட் நகர்ல மார்ட்டினஸ் பெயரிங்க், இவானோவ்ஸ்கி வேலையைப் பத்தித் தெரியாமலே அதே சோதனையைச் செஞ்சார். ஒரு படி மேல போய், வடிநீரால நோய் வந்த செடியிலிருந்து சாறு எடுத்து அடுத்த செடிக்கு, அதுல இருந்து இன்னொரு செடிக்குன்னு ஏத்திக்கிட்டே போனார். வெறும் விஷமா இருந்தா ஒவ்வொரு தடவையும் நீர்த்து வீரியம் குறையணும். குறையல. அப்ப அது பெருகுது. பெருகுறது உயிருள்ள செல்லுக்குள்ள மட்டும்தான். அதுக்கு அவர் பயன்படுத்தின பழைய லத்தீன் சொல்தான் 'வைரஸ்'.

அதே 1898-ல ஜெர்மனியில லோஃப்லரும் ஃப்ராஷும் மாடுகளுக்கு வர்ற கோமாரி நோயும் இப்படித்தான் ஃபில்டரைத் தாண்டுதுன்னு காட்டினாங்க. அவங்க ஃபில்டரைச் சோதிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடிகட்டப் போற திரவத்துல வேணும்னே ஒரு சாதாரண பாக்டீரியாவைக் கலந்து விட்டாங்க. வடிநீர்ல அந்த பாக்டீரியா இல்ல, ஆனா நோய் பரவுதுன்னா ஃபில்டர் மேல குத்தம் சொல்ல முடியாதுல்ல?

யோசிச்சுப் பாருங்க, வைரஸ்னு ஒண்ணு இருக்குன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சதே "ஃபில்டர் ஒழுகுதா?"ன்னு பொறுமையா சோதிச்சதாலதான். புகையிலை மொசைக் வைரஸோட அகலம் 18 நானோமீட்டர், நீளம் 300. ஒரு சராசரி பாக்டீரியா ஆயிரம், ரெண்டாயிரம் நானோமீட்டர். பாக்டீரியாவுக்குச் சுவரா நின்ன பீங்கான், வைரஸுக்குத் திறந்த கதவு.

அதே 1892-ல இன்னொரு ஃபில்டர் கதை ஹாம்பர்க்ல நடந்துச்சு. அது மனுஷ உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகஸ்ட்ல அங்க காலரா. 8,600-க்கும் மேல சாவு. எல்பே ஆத்துத் தண்ணியை வடிகட்டாமலே ஊருக்கு விட்டுட்டு இருந்தாங்க. மணல் வடிகட்டி கட்டுறதுக்கு ஆகுற செலவைப் பத்தி வருஷக்கணக்கா பேசி, கடைசியில கட்ட ஆரம்பிச்சும் இருந்தாங்க. காலரா முந்திடுச்சு. ஒட்டியே இருக்க ஊர் அல்டோனா. அவங்க எடுத்ததும் அதே ஆறு, அதுவும் ஹாம்பர்க்கோட சாக்கடை கலந்த பிறகு, கீழ்ப்பக்கத்துல. ஆனா மெதுவா மணல்ல வடிகட்டிக் குடுத்தாங்க. அங்க பாதிப்பு ரொம்பக் கம்மி. ரெண்டு ஊரும் சேர்ற தெருவுல, எந்த வீட்டுக்கு எந்த ஊர்க் குழாய்ங்கிறதை வச்சு காலரா எங்க நிக்குதுன்னு கோடு போட்ட மாதிரி சொல்ல முடிஞ்சது. நேர்ல வந்து பார்த்தவர் ராபர்ட் கோச்.

இதோட நிறுத்திட்டா "ஃபில்டர் வாழ்க"ன்னு போயிடலாம். ஆனா அந்தக் குளிர்காலத்துல அதே அல்டோனாவுலயும் காலரா எட்டிப் பார்த்தது. கோச் தோண்டித் துருவினார். மணல் படுகைகள்ல ஒண்ணு கடும் குளிர்ல உறைஞ்சு போய் சரியா வேலை செய்யல. மத்ததெல்லாம் ஒழுங்கா ஓடுது, ஒண்ணுல மட்டும் கோளாறு. அந்த ஒண்ணு வழியா வந்த தண்ணி எல்லாத்தோடயும் கலந்துடுச்சு. ஒவ்வொரு வடிகட்டியோட தண்ணியையும் தனித்தனியா தினமும் சோதிக்கணும், ஒரு மில்லிலிட்டர்ல 100 கிருமிக்கு மேல வந்தா அந்தத் தண்ணியை ஊருக்கு விடக் கூடாதுன்னு கோச் அழுத்திச் சொன்னது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான். ஃபில்டர் வச்சா மட்டும் போதாது, அது ஒழுகலைன்னு பார்த்துட்டே இருக்கணும்ங்கிற விதி அப்ப வந்தது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1955 கடைசி. யமுனையில வெள்ளம் வடிஞ்ச பிறகு நஜஃப்கர் கால்வாயோட கழிவுநீர், டெல்லியோட வசீராபாத் குடிநீர் நிலையம் தண்ணி உறிஞ்சுற இடம் வரைக்கும் பின்னோக்கி வந்துடுச்சு. அதிகாரிகள் சும்மா இல்ல, குளோரினைக் கூட்டினாங்க. டைஃபாய்டு, வயித்துப்போக்கு பெருசா கிளம்பல. பாக்டீரியா அடங்கிடுச்சு. ஆனா சில வாரம் கழிச்சு மஞ்சள் காமாலை ஆரம்பிச்சது. சுமார் 29,000 பேருக்கு. கர்ப்பிணிகள் மத்தவங்களை விட அதிகமா இறந்தாங்க.

அப்ப அதுக்குப் பேர் கூட இல்ல. சேமிச்சு வச்சிருந்த ரத்த மாதிரிகளைப் பல வருஷம் கழிச்சுச் சோதிச்சப்பதான் அது ஹெபடைட்டிஸ் ஏ இல்லைன்னு தெரிஞ்சது. 1983-ல மாஸ்கோவுல மிகைல் பலயான்ங்கிற விஞ்ஞானி, நோயாளிகளோட மலத்துல இருந்து எடுத்த சாறைத் தானே குடிச்சு, தனக்கே காமாலை வரவச்சு, தன் மலத்துலயே அந்த வைரஸ் துகளைப் பார்த்தார். (யாரும் முயற்சி பண்ண வேணாம்!) இன்னைக்கு அதுதான் ஹெபடைட்டிஸ் ஈ. கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல இது வந்தா தாயோட உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எந்த டாக்டரும் இதைச் சாதாரணமா எடுத்துக்க மாட்டாங்க.

ஓ.பி.ல காமாலையோட வர்றவங்ககிட்ட "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு கேட்டா, இப்பல்லாம் அதிகம் வர்ற பதில் "ஃபில்டர் தண்ணிதான் சார்". சரி, அவங்க வெளியில சாப்பிட்டிருக்கலாம், டீக்கடை டம்ளரா இருக்கலாம். ஆனா அடுத்த கேள்வியையும் நான் கேட்பேன். "அந்த மெஷினைத் திறந்து பார்த்து எவ்வளவு நாளாச்சு?" பெரும்பாலும் பதில் வராது.

ஏன் கேட்கிறேன்? ஆர்.ஓ. மெம்ப்ரேன், பீங்கான் மாதிரி இல்ல. 1959-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்னு ரெண்டு பேர் உருவாக்கின மெம்ப்ரேன்ல இருந்து வந்த தொழில்நுட்பம். கரைஞ்ச உப்பையே பிரிச்சு நிறுத்தும், வைரஸ் எல்லாம் அதுக்கு மலை மாதிரி. பிரச்சினை மெம்ப்ரேன்ல இல்ல. மெம்ப்ரேன் உக்காந்திருக்க குழாய்க்குள்ள, நல்ல தண்ணி வெளிய வர்ற மூக்குப் பகுதியில மோதிரம் மாதிரி ரெண்டு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது தேஞ்சாலோ, மாத்தும்போது முறுக்கி உக்காந்தாலோ, உப்புத் தண்ணி நேரா நல்ல தண்ணியோட சேர்ந்துடும். பழைய எவர்சில்வர் ஃபில்டரோட வாஷர் கதையேதான், இப்ப கரண்டோட.

அந்த ரப்பர் வளையத்துக்குப் பேர் ஓ-ரிங். அதுக்கும் ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்ல பிறந்து அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சன்ங்கிற மெக்கானிக், டிராம் வண்டிக்கு ஏர் பிரேக் செஞ்சவர். எழுபது வயசு தாண்டின பிறகு, 1937-ல ஓ-ரிங்குக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 1939-ல கிடைச்சது. விஷயம் ரப்பர் வளையத்துல மட்டும் இல்ல, அது உக்கார்ற பள்ளத்துலயும் இருக்கு. பள்ளம் வளையத்தோட தடிமனை விட கொஞ்சம் அகலம். தண்ணி அழுத்தும்போது வளையம் ஒரு ஓரமா தள்ளப்பட்டு, இடைவெளியை அதுவே அடைச்சுக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். இரண்டாம் உலகப் போர்ல விமானங்களுக்குத் தேவைன்னு அமெரிக்க அரசு அந்த உரிமையை எடுத்து எல்லா கம்பெனிக்கும் திறந்து விட்டுச்சு.

ரப்பருக்கு ஒரே ஒரு குணம் வேணும். அமுக்கினா திரும்ப எழும்பணும். 1986 ஜனவரி 28 காலையில கடும் குளிர். சேலஞ்சர் விண்கலத்தோட ராக்கெட் இணைப்புல இருந்த ஓ-ரிங் அந்தக் குளிர்ல எழும்பல. 7 பேர் இறந்தாங்க. விசாரணைக் குழுவுல இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், டிவி கேமராக்கள் முன்னாடி ஒரு துண்டு ரப்பரைக் கிடுக்கியில அமுக்கி, ஐஸ் தண்ணி டம்ளர்ல போட்டு எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்கு வரல. அவ்வளவுதான் விளக்கம்.

நம்ம ஊர்ல குளிர் பிரச்சினை இல்ல. ஆனா வருஷக்கணக்கா நசுங்கியே இருந்தாலும், குளோரின் பட்டுப் பட்டும் ரப்பர் இறுகும். உருண்டையா இருந்த வளையம் ஒரு பக்கம் தட்டையாயிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

டெஃப்லான் டேப்புக்கும் ரெண்டு வரி. 1938 ஏப்ரல் 6-ம் தேதி டூபாண்ட் ஆய்வகத்துல ராய் பிளங்கெட் ஒரு கேஸ் சிலிண்டரைத் திறந்தார். உள்ள கேஸ் இருக்கணும், எடை காட்டுது, ஆனா வெளிய வரல. சிலிண்டரையே அறுத்துப் பார்த்தா வழுவழுன்னு வெள்ளைப் பொடி. எதுலயும் ஒட்டாத, எதோடயும் வினை புரியாத அந்தப் பொருளை அணுகுண்டுத் திட்டத்துல அரிக்கிற வாயுவைத் தடுக்கிற சீலுக்குப் பயன்படுத்தினாங்க. இப்ப பிளம்பர் அண்ணன் பாக்கெட்ல ரோலா இருக்கு.

இப்ப உங்க கிச்சனுக்கு வருவோம்.

முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, தண்ணியும் கரண்டும் பக்கத்துல இருக்கு. அப்புறம் தண்ணி வர்ற வால்வை மூடுங்க. குழாயைத் திறந்து உள்ள இருக்க அழுத்தத்தை இறக்குங்க.

எல்லா இணைப்பையும் காய்ஞ்ச துணியால துடைச்சுட்டு, டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இடமா சுத்தி வைங்க. வால்வை மெதுவா திறங்க. எந்தப் பேப்பர் முதல்ல நனையுதோ அதுதான் இடம். தண்ணி கீழ சொட்டுற இடத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, அது குழாய் வழியா வழிஞ்சு எங்கயோ வந்து சொட்டும். (நெஞ்சுவலின்னு வந்தா நாங்க நெஞ்சை மட்டும் பார்க்கிறது இல்லையே, அது மாதிரி.) இடம் தெரிஞ்சதும் வால்வை மறுபடி மூடி, அழுத்தத்தை இறக்கிட்டு வேலையை ஆரம்பிங்க.

வெளிய இருக்க ப்ரீ-ஃபில்டர் கிண்ணத்துல கசிவுன்னா, 10-ல 8 பேர் செய்யிறது ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்குறது. வேணாம். பிளாஸ்டிக் விரிசல் விடும். கழட்டி ஓ-ரிங்கை எடுத்துப் பாருங்க. தட்டையா இருக்கா, வெடிச்சிருக்கா? புதுசு மாத்துங்க. விலை ரொம்பக் கம்மி. பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அளவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உக்காராது. வளையம் நல்லா இருந்தா பள்ளத்துல மணல், அழுக்கு இருக்கான்னு பார்த்துத் துடைச்சு, உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் லேசா தடவி மாட்டுங்க. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவாதீங்க. சில வகை ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிடும். லேட்டக்ஸ் ஆணுறைக்கு எண்ணெய் கூடாதுன்னு நாங்க சொல்றோமே, அதே காரணம்தான். கையால இறுக்கி, கடைசியா ஸ்பேனர்ல ஒரு சின்னத் திருப்பு. போதும்.

மரை உள்ள இணைப்புல கசிவுன்னா பழைய டேப்பை முழுசா உரிச்சுட்டு, மரை முன்னாடி உங்களைப் பார்க்கிற மாதிரி வச்சு, கடிகார முள் சுத்துற திசையில புது டேப் சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா திருகும்போது டேப் சுருண்டு வந்துடும்.

வெள்ளைக் கால் இஞ்ச் ட்யூப் சொருகியிருக்க இடத்துல கசிவுன்னா அங்க டேப் வேலை செய்யாது. அது உள்ளயும் ஒரு ஓ-ரிங்தான். வளையத்தை உள்பக்கம் அமுக்கிப் பிடிச்சுட்டு ட்யூபை இழுங்க. நுனியில கீறல் இருக்கும், இல்ல சாய்வா வெட்டியிருப்பாங்க. ஒரு சென்டிமீட்டர் நேரா வெட்டி, முட்டுற வரைக்கும் சொருகுங்க. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும்.

டேங்க் நிரம்பி வழியுதுன்னா அது லீக் இல்ல, ஃப்ளோட் சுவிட்ச் இல்ல சோலனாய்டு வால்வு. அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

இனி உள்லீக். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, உள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி ரெண்டையும் அளந்து, மெஷின் மேலயே தேதியோட எழுதி ஒட்டுங்க. உள்ள 1,000, வெளிய 80-ன்னு இருந்தது திடீர்னு 400 ஆனா, மெம்ப்ரேனோ அந்தச் சின்ன ஓ-ரிங்கோ போயிடுச்சுன்னு அர்த்தம். மெம்ப்ரேன் மாத்தின அன்னைக்கே இப்படி ஏறினா, வளையம் முறுக்கிக்கிச்சுன்னு சந்தேகப்படுங்க, மெக்கானிக்கை வாசல்லயே நிறுத்துங்க. ஒரு எச்சரிக்கை: நிறைய மெஷின்ல 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்'னு ஒரு திருகு இருக்கும். ருசிக்காக மெம்ப்ரேனைத் தாண்டின தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடுறது அது. கம்பெனியே வச்சுக் குடுத்த லீக்! அதை யாரும் திருகி விட்டாங்களான்னு முதல்ல பாருங்க. அந்தக் கலப்புத் தண்ணியில கிருமியைக் கொல்ற பொறுப்பு யூ.வி. விளக்கோடது, அதனால அந்த விளக்கு எரியுதான்னும் பாருங்க. மீட்டர் காட்டுறது உப்பை மட்டும்தான், கிருமியை இல்ல.

ரிப்பேர் முடிஞ்சதும் முதல் டேங்க் தண்ணியைக் குடிக்காம பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்க. அதுவரைக்கும், முக்கியமா வீட்ல கர்ப்பிணி இருந்தா, தண்ணியைத் தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடுங்க. அதுக்கு வாஷர், ஓ-ரிங் எதுவும் வேணாம்.